கீழ்ப் போல்ட்டில் சிவப்புக் கோடு

சற்று இப்படி நகர்ந்து உட்கார முடியுமா, சார்? மன்னிக்க வேண்டும். உங்கள் தோள் மறைக்கிறது. எனக்கு அவருடைய கைகள் தெரிய வேண்டும். முகம் தெரியாவிட்டால் பரவாயில்லை. முகத்தை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். கைகள் தெரிந்தால் போதும்.

நன்றி.

உங்கள் வண்டி எது? உள்ளேயா? சரி. உள்ளே என்றுதான் தலையை அசைத்தீர்கள். உள்ளே எனக்கு வண்டி எதுவும் தெரியவில்லை. போகட்டும், அது என் வேலையில்லை.

நான் இங்கே மகளிர் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். பெயர் திலகவதி. இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயிற்று. இவர், இந்த மெக்கானிக் பழனியாண்டி, என்னை டீச்சர் என்று அழைப்பார். நான் இணைப் பேராசிரியை என்று இரண்டு முறை திருத்தினேன். இரண்டு முறையும் "சரிங்க டீச்சர்" என்றார்.

அதோ நிற்கிற சாம்பல் நிற ஸ்கூட்டர் என்னுடையது. இன்று அதன் கியர் ஆயிலை மாற்றப்போகிறார். நான் பார்க்கப்போகிறேன். வேடிக்கை பார்க்க வரவில்லை, சார். எங்கள் கல்லூரியிலிருந்து பதினொரு ஸ்கூட்டர்கள் இவரிடம் வந்துகொண்டிருந்தன. ஐந்து மாதங்களுக்கு முன்பு, என் ஒரு சொல்லால் பதினொன்றும் நின்றுபோயின. அந்தச் சொல் சரியா, தவறா என்பது இன்னும் சிறிது நேரத்தில் தெரிந்துவிடும். சரி என்றால் நான் பேசாமல் வீட்டுக்குப் போவேன். தவறு என்றால் அந்தப் பத்துப் பேருக்கும் நானே எழுத வேண்டும்.

உங்களுக்கு முதலிலிருந்து சொல்கிறேன். அவர் இன்னும் சென்டர் ஸ்டாண்டு போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

எங்கள் கல்லூரி வாயிலில் வாட்ச்மேன் அறைக்குள் ஒரு பலகை உண்டு. அதில் வரிசையாக ஆணிகள். யாருடைய வண்டிக்கு சர்வீஸ் நாளோ அவர் காலையில் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வகுப்புக்குப் போய்விடுவார். ஒன்பதரை மணிக்கு இவர் நடந்து வருவார். சாவியை எடுத்துக்கொண்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போவார். மூன்றரை மணிக்கு வண்டி பழைய இடத்தில் நிற்கும். சாவி பழைய ஆணியில் தொங்கும். சாவியில் கறுப்பாக விரல் தடம் இருந்தால் வேலை முடிந்தது என்று பொருள். பதினொரு பேரும் இப்படித்தான். பட்டம் பெற்ற பெண்கள். ஒருவர்கூட இவர் வேலை செய்து பார்த்ததில்லை. கவனித்தீர்களா? ஒருவர்கூட.

ஸ்கூட்டரில் இரண்டு எண்ணெய்கள் உண்டு. எஞ்சினுக்கு ஒன்று, அது எல்லோருக்கும் தெரியும். பின்சக்கரத்தின் அச்சுக்கருகில் சின்னதாக ஒரு கியர் பெட்டி இருக்கிறது. அதற்குத் தனியாக நூற்றிருபது மில்லி. மேலே ஒரு போல்ட், ஊற்றுவதற்கு. கீழே ஒரு போல்ட், வடிப்பதற்கு. அந்த எண்ணெயை மாற்றினாலும் வண்டி ஓடும், மாற்றாவிட்டாலும் ஓடும். பல மாதங்கள் கழித்துத்தான் முனக ஆரம்பிக்கும். ஏமாற்ற நினைப்பவருக்கு இதைவிட வசதியான இடம் வண்டியில் வேறு கிடையாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, விடைத்தாள் திருத்தும் முகாமுக்காக நான் திருச்சியில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். திரும்பி வந்தபின் நடந்த முதல் சர்வீஸ் ஒரு விடுமுறை நாளில் வந்தது. இவரே வீட்டுக்கு வந்து வண்டியை எடுத்துப்போய், சாயங்காலம் கொண்டுவந்து விட்டார். "எஞ்சின் ஆயில் மாத்தியாச்சு டீச்சர். கியர் ஆயிலும் மாத்தியாச்சு" என்றார். முதல் வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னார். இரண்டாவதை என் கணவரைப் பார்த்துச் சொன்னார். நான் அதைக் கவனித்தேன். அவர் போனபின் குனிந்து பார்த்தேன். கீழ்ப் போல்ட்டின் மேல் மண் அப்படியே அப்பியிருந்தது.

ஒரு நிமிடம். உள்ளே போகிறார். எதற்கு உள்ளே போகிறார்? எல்லாம் வெளியே இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேனே.

துணி எடுக்கப் போனாராம். சரி. துணிதான்.

வேறு யாராவது என்றால் அன்றைக்கே கேட்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் தயாராக இருக்கும், சார். ஆய்வகத்தில் இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திரவம் அளக்கும் ப்யூரெட்டைத் தொடாமலே அளவு எழுதி வைத்திருப்பாள் ஒரு மாணவி. கேட்டால் கண்ணில் நீரோடு சத்தியம் செய்வாள். ஆனால் எழுதிய அளவு காட்டிக்கொடுத்துவிடும். மூன்று முறையும் இம்மியும் பிசகாமல் ஒரே எண் இருந்தால் நான் நோட்டை மூடிவிடுவேன். கை உள்ள மனிதருக்கு அப்படி வராது.

எனவே, கேட்பதற்குப் பதிலாகச் சோதித்தேன். மகளின் நகப்பூச்சை எடுத்து, கீழ்ப் போல்ட்டின் தலையிலிருந்து பெட்டி வரைக்கும் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று இழுத்தேன். போல்ட்டைத் திருகினால் கோடு முறியும். திருகாவிட்டால் முறியாது. நான்கு மாதம் கழித்து சர்வீஸ். "கியர் ஆயில்?" என்று கேட்டேன். "மாத்தியாச்சு டீச்சர்." கோடு முறியவில்லை. ஒரு முறை தற்செயலாக இருக்கலாம். மூன்று அளவு ஒத்துவராமல் நான் எதையும் முடிவு செய்வதில்லை. இன்னும் நான்கு மாதம்; முறியவில்லை. இன்னும் நான்கு மாதம்; முறியவில்லை. மூன்று முறையும் இம்மியும் பிசகாமல் அதே கோடு. எனக்குத் திருப்தியாக இருந்தது.

ஆண்டு முழுவதும் வாய் திறக்கவில்லை. தீபாவளிக்கு இவர் வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. வாங்கிக்கொண்டேன். நன்றியும் சொன்னேன்.

பிறகு, ஒவ்வொரு முறையும் எடுத்து வைத்த படங்களை ஆசிரியர் அறையில் காட்டினேன். கத்தவில்லை, குற்றம் சாட்டவில்லை. மூன்று தேதிகளையும் மூன்று படங்களையும் வரிசையாகக் காட்டினேன், அவ்வளவுதான். இயற்பியல் துறை ஹெலன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "அடப்பாவி மனுஷா! என் வண்டி போன மாசம் முனகுச்சே மேடம், இதனாலதானா?" என்றாள். அவள் வண்டி முனகியதற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம். நான் மறுக்கவில்லை. அடுத்த வாரம் ஆணிகள் எல்லாம் காலியாக இருந்தன.

அதற்கடுத்த வாரம் ஒரு நாள் காலையில் என் கணவர் என்னைக் கல்லூரியில் இறக்கிவிட வந்தார். மின்வாரியத்தில் வேலை பார்க்கிறார், பெயர் கருணாகரன். மெதுவான மனிதர். வாயிலில் பழனியாண்டி நின்றுகொண்டிருந்தார். கையைத் துடைத்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"டீச்சர், என்ன குறைன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா திருத்திக்குவேன்" என்றார்.

"உங்களுக்கே தெரியும்" என்றேன்.

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் ஹேண்டில்பாரைப் பார்த்தார். பிறகு, "சரிங்க டீச்சர்" என்று போய்விட்டார். அப்பாவியாக இருந்தால் ஒரு மனிதன் வாதாடியிருக்க மாட்டானா, சார்? நான் அப்படித்தான் நினைத்தேன். அந்த மௌனத்தையும் நான்காவது அளவாகச் சேர்த்துக்கொண்டேன்.

என்ன பழனியாண்டி? ஏன் நிறுத்திவிட்டீர்கள்?

"இல்ல டீச்சர், இந்தச் சிவப்புக் கோடு. இதத் தொடைக்கட்டுமா, வேணாமா?"

அந்தக் கோட்டை உங்களுக்குத் தெரியுமா?

"தெரியாம? நீங்க போட்டதுன்னு தெரியும். என்னத்துக்குன்னு தெரியல. ஏதோ அடையாளம் வச்சிருக்காங்க, நம்ம அழிச்சிறக் கூடாதுன்னு, ஒவ்வொரு தடவையும் இத மட்டும் விட்டுட்டுச் சுத்தித் தொடச்சேன். பாருங்க, சுத்தி எப்படி இருக்குன்னு."

கேட்டீர்களா, சார்? தெரிந்திருக்கிறது. சுற்றிலும் துடைத்திருக்கிறார். நான் பெட்டியெங்கும் பார்த்துவிட்டு, சுத்தம் சந்தேகத்துக்குரியது என்று குறித்து வைத்திருந்தேன்.

கோடு இருக்கட்டும் பழனியாண்டி. நீங்கள் வேலையைப் பாருங்கள்.

எதில் விட்டேன்? சர்வீஸ். ஆம். போன வாரம் பைபாஸ் சாலையில் புதிதாக வந்திருக்கும் சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டுபோனேன். கண்ணாடிச் சுவர் வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு மணி நேரத்தில் அங்கிருந்தவர் வெளியே வந்தார். "மேடம், கீழ்ப் போல்ட்டைத் தொட முடியாது. மரை போயிருச்சு. யாரோ உள்ள பசை வச்சு ஒட்டியிருக்காங்க. தொட்டா எண்ணெய் பூரா ஒழுகிரும். பெட்டியையே மாத்தணும்" என்றார். எதையும் தொட வேண்டாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தடயம் அழியக் கூடாதல்லவா?

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். எண்ணெயை மாற்றாதது மட்டுமல்ல, மரையையும் உடைத்து, பசை வைத்து மூடியிருக்கிறார். நுகர்வோர் மன்றத்துக்கு ஒரு மனு எழுதினேன். ஏழு பக்கம், பத்திகளுக்கு எண் கொடுத்திருந்தேன். எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி, காலைக் காபியோடு என் கணவரிடம் கொடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இதக் குடுக்காத, திலகா. போல்ட்ட ஒடச்சது நான்."

நான் திருச்சியில் இருந்த அந்த வாரம், செல்போனில் யாரோ செய்துகாட்டியதைப் பார்த்துவிட்டு, என் கணவரே கியர் ஆயில் மாற்றியிருக்கிறார். நான் வந்ததும் சொல்லி அசத்தலாம் என்று நினைத்தாராம். ஸ்பேனரின் பிடிக்கு ஒரு குழாயை மாட்டி இறுக்கியிருக்கிறார். மரை போய்விட்டது. கார் நிறுத்துமிடமெல்லாம் எண்ணெய். பழனியாண்டியைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் வந்து, போல்ட்டை உள்ளே பசை வைத்து ஒட்டி, "இனிமே கீழ தொட வேணாம் சார். மேல் ஓட்ட வழியா சிரிஞ்ச் விட்டு உறிஞ்சி எடுத்துருவேன், வேலை அதிகம்தான், பரவால்ல" என்று சொல்லியிருக்கிறார். "டீச்சர்கிட்ட சொல்லிராதீங்க" என்று என் கணவர் கேட்டுக்கொண்டாராம். அவரும் சொல்லவில்லை. வாயிலில் வந்து நின்றபோதும் சொல்லவில்லை.

"என்னிடம் ஏன் மறைத்தீர்கள்?" என்று கேட்டேன்.

"கேள்வி கேப்ப."

"கேட்டால் என்ன?"

"ஒரு கேள்வியோட நிக்காதே" என்றார்.

நான் அப்படிக் கேட்பவளா? அன்று காலை அவரிடம் நான் கேட்டவை மொத்தம் பதினான்கு கேள்விகள்தான். எண்ணெய் சிந்தியதை எதைக் கொண்டு கழுவினீர்கள் என்பது ஒன்று. சோப்புத்தூளாம். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, சார். திருச்சியிலிருந்து வந்த அன்றே சோப்புத்தூள் பாக்கெட் பாதியாக இருந்ததைக் கவனித்தேன். வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அஞ்சலையைக் கேட்டேன். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. விசாரிக்க வேண்டும்.

நீங்கள் கேட்கலாம், கணவரே சொல்லிவிட்டபின் இன்னும் என்ன சோதனை என்று. இருபத்தாறு ஆண்டுகள் கூடவே இருந்தவர் இதை இரண்டு ஆண்டுகள் மறைத்திருக்கிறார். அவர் வார்த்தையை எப்படிச் சாட்சியாக எடுப்பது? பழனியாண்டிமேல் இரக்கப்பட்டுச் சொல்லியிருக்கலாம். போல்ட்டை என் கணவர் உடைத்திருக்கலாம். எண்ணெயைப் பழனியாண்டி மாற்றாமலும் இருந்திருக்கலாம். இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியும்.

ஆகவே எண்ணெயைத்தான் கேட்க வேண்டும். பெட்டிக்குள் இப்போது இருப்பது கடைசியாகப் பழனியாண்டி ஊற்றியதாகச் சொல்லும் எண்ணெய். ஐந்து மாதம் ஓடியது என்றால் ஒரு நிறம் இருக்கும். இரண்டு ஆண்டு ஓடியது என்றால் தாராகக் கறுத்து, உள்ளே இரும்புத்துகள் மினுமினுக்கும். எண்ணெய்க்கு யார்மேலும் இரக்கம் கிடையாது.

சற்றுப் பொறுங்கள். சிரிஞ்சை எடுத்துவிட்டார். பழனியாண்டி, அந்தச் சிரிஞ்சைக் காட்டுங்கள். உள்ளே ஒன்றுமில்லையே? பின்னால் இழுங்கள். சரி.

இது அளவு ஜாடி, சார். ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்தேன். பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் எடுத்தேன். இது வடிதாள். எண்ணெயில் ஒரு சொட்டு இதில் வைத்தால் பரவும்; அழுக்கு நடுவில் நின்றுவிடும்.

"டீச்சர், கைப்பையில இன்னும் என்னென்ன இருக்கு? போலீசும் இருக்கா?"

சிரிக்கிறார். நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஜாடியை நேராகப் பிடியுங்கள் பழனியாண்டி, சாய்க்காதீர்கள்.

வருகிறது.

...

பார்த்தீர்களா? நீங்களும் பாருங்கள், சார். வெயிலுக்கு நேராகப் பிடிக்கிறேன். என்ன நிறம் என்று சொல்வீர்கள்? தேன் என்றா? ஆம். பழைய தேன். மினுமினுப்பு இல்லை. வடிதாளிலும் நடுவில் லேசான பழுப்புதான். இன்னும் எடுக்கிறார். வண்டியைச் சாய்த்துப் பிடித்து எடுக்கிறார், சிரமமான வேலைதான். ஒவ்வொரு முறையும் இப்படியா செய்தீர்கள், பழனியாண்டி?

"ஆமா டீச்சர். கீழ தொறந்துவிட்டா ரெண்டு நிமிசம். இது முக்கா மணி நேரம். உங்க வீட்டு சார் கேட்டுக்கிட்டாரேன்னு."

நூற்றுப் பதினாறு மில்லி. நான்கு மில்லி உள்ளேயே ஒட்டியிருக்கும். கை உள்ள மனிதருடைய அளவு.

சரி. எண்ணெய் மாற்றப்பட்டிருக்கிறது. ஒரு அளவு கிடைத்துவிட்டது. ஒன்றுதான், சார். குற்றம் என்று சொல்ல மூன்று முறை பார்த்தவள், குற்றமில்லை என்று சொல்லவும் மூன்று முறை பார்க்க வேண்டாமா? அதுதானே முறை? இன்னும் இரண்டு சர்வீஸ். எட்டு மாதம். அதன்பிறகு ஆசிரியர் அறையில் முறையாகச் சொல்லிவிடுவேன்.

என்ன? எழுந்துவிட்டீர்களே. உங்கள் வண்டி இன்னும் வரவில்லையே?

கம்ப்ரஸரா? எந்தக் கம்ப்ரஸர்?

"அவரு அறந்தாங்கிலேர்ந்து வந்திருக்காரு டீச்சர். உள்ள இருக்குற காத்தடிக்கிற கம்ப்ரஸரப் பாக்க. திங்கக்கெழம எடுத்துக்குறேன்னாரு. ஷெட்டையும் காலி பண்றேன். மச்சான் திருப்பூர்ல இருக்கான், வான்னான். உங்க வண்டிய ஒரு தடவ முடிச்சுக் குடுத்துட்டுப் போயிருவோம்னுதான் இன்னிக்கி வரச் சொன்னேன். சிரிஞ்சு வேலை வேற யாருக்கும் தெரியாதுல்ல."

திங்கள்கிழமை.

உட்காருங்கள், சார். தயவுசெய்து ஒரு நிமிடம் உட்காருங்கள். அந்தப் பத்துப் பேருக்கும் நான் ஒரு செய்தி எழுத வேண்டும்.

"முதற்கட்டச் சோதனையின் அடிப்படையில்" என்று எழுதியிருக்கிறேன். இல்லை. அழித்துவிடுகிறேன். "பழனியாண்டி எண்ணெயை மாற்றியிருக்கிறார் என்று கருத இடமிருக்கிறது." அதுவும் வேண்டாம். இப்படி: "பழனியாண்டி ஒவ்வொரு முறையும் எண்ணெயை மாற்றியிருக்கிறார். நான் சொன்னது தவறு." அனுப்பிவிட்டேன். 'தவறு' என்று எழுதிவிட்டு அதற்குப் பின்னால் 'இருக்கலாம்' என்று சேர்க்காமல் விட்டது எனக்கு இதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன்.

பார்த்துவிட்டார்கள். ஹெலன் எழுதுகிறாள்.

"எத்தனை முறை செக் பண்ணீங்க மேடம்? ஒரு தடவ போதுமா? மூணு தடவ பாக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

தமிழ்த்துறை அம்மா எழுதியிருக்கிறார்: "படம் இருக்கிறதா? போன தடவை படம் காட்டினீர்களே." இன்னொருவர்: "அவர் உங்களிடம் ஏதாவது கெஞ்சினாரா?"

நான்தான் இவர்களுக்குக் கற்றுக்கொடுத்தேன், சார். நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

எண்ணெயைப் படமெடுத்து அனுப்பலாம். அடுத்து அந்த எண்ணெய் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று கேட்பார்கள். நானாக இருந்தால் அதைத்தான் கேட்பேன்.

பழனியாண்டி. நாளைக் காலை ஒன்பதரை மணிக்குக் கல்லூரிக்கு வர முடியுமா? பின் பிரேக் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. இல்லை, இன்று வேண்டாம். நாளைக்குப் பாருங்கள். சாவி ஆணியில் தொங்கும். முதல் ஆணியில், எல்லோரும் உள்ளே வரும்போது கண்ணில் படும் இடம் அதுதான். ஆம், நான் வகுப்பில் இருப்பேன். நான் வெளியே வந்து பார்க்க மாட்டேன்.

"வாட்ச்மேன் உள்ள விடுவாரா டீச்சர்?"

நான் சொல்லி வைக்கிறேன். என் பெயரைச் சொல்லுங்கள்.

"ஒத்த சாவிக்காக நான் திருப்பூர நிப்பாட்ட முடியுமா டீச்சர்?"

முடியாது. நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. நாளைக்கு வாருங்கள். ஆணிகளைப் பாருங்கள். பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

"...வர்றேன் டீச்சர்."

சார், உங்களுக்கு அறந்தாங்கியிலிருந்து வந்த பயணம் வீணாகலாம். தெரியும். திங்கள்கிழமை வருவதற்கு முன்பு இவருக்கு ஒரு முறை போன் செய்து கேட்டுவிட்டு வருவீர்களா? அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

புது எண்ணெயை ஊற்றப்போகிறார். பாட்டிலின் சீலை நான் சரிபார்க்கவில்லை. பரவாயில்லை.

இல்லை, இல்லை, எனக்காக விலக வேண்டாம். முதலில் உட்கார்ந்திருந்தீர்களே, அந்த இடத்துக்கே வந்து உட்காருங்கள். உங்கள் தோள் மறைக்கட்டும். நான் இப்படிச் சாலையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன்.

சத்தம் கேட்கிறது. மேல் போல்ட்டை இறுக்குகிறார், இல்லையா?

எத்தனை சுற்று திருகினார், சார்?

வேண்டாம். சொல்லாதீர்கள்.